அய்யம்பெருமாள் காய்ச்சிய சேஸ்

அரியலூரில் வளைந்த லாரியை நிமிர்த்துவதென்றால் அய்யம்பெருமாள் பட்டறைதான். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற ஊர் ஆயிற்றே, வண்டியைத் தாங்கும் சேஸ் வளையாத நாளே கிடையாது. அந்த இரும்புச் சட்டத்தை கேஸ் நெருப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சி, சங்கிலி போட்டு இழுத்து, ஆறவிடுவார். நூல் பிடித்த மாதிரி நிற்கும். பக்கத்தில் பஞ்சர் கடை போட்டிருக்கும் எனக்கு அந்த வேலையைப் பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது. தங்கமான மனுஷன், ஆனால் பிடிவாதம் மட்டும் ஊர்ப்பட்டது.

2006இல் அவர் மனைவியின் தம்பி பாவாடை புதிதாக ஒரு மினி லாரி எடுத்தான். இருந்த ஒரு காணி நிலத்தையும் விற்று வாங்கிய வண்டி. தா.பழூர்ப் பக்கம் நெல் மூட்டை ஏற்றித்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. போதாத காலம், பாலத்துக் கட்டையில் மோதி சேஸ் வளைந்துவிட்டது.

"கம்பெனிக்கே கொண்டு போயிடவா மாமா?"

"அப்பறம் நான் எதுக்கு இருக்கேன் மாப்ள?"

வழக்கம்போலக் காய்ச்சி நிமிர்த்தி, மேலே பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். அடுத்த அறுப்பில் முழு லோடு ஏற்றியபோது, காய்ச்சிய இடத்திலேயே வண்டி மடங்கிப் படுத்துவிட்டது.

மோதியதை மறைத்து, கேரண்டியில் புது சேஸ் கேட்டான் பாவாடை. பட்டறைக்கு இழுத்துவந்து போட்டிருந்த வண்டியை, கம்பெனி இன்ஜினியர் நேரில் வந்து குனிந்து குனிந்து பார்த்தார்.

"இத யாராவது காச்சினீங்களா? தகடு மெல்லிசுதான், ஆனா ஆலையிலேயே காச்சி, சட்டுனு குளிரவச்சு வலு ஏத்துனது. மறுபடி காச்சி ஆறவிட்டா அந்த வலு போயிடும்."

"யாரும் கை வைக்கல சார்" என்றான் பாவாடை.

அய்யம்பெருமாள் முகத்தில் ஈயாடவில்லை. தன் கையாலேயே மச்சான் பிழைப்பைக் கெடுத்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டிரு மனுஷா, புள்ளகுட்டிக்காரன் பிழைத்துப் போகட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்தான், இருந்தால் என்ன?

"அப்ப இரும்பே மட்டம்னு எழுதிடுறேன். புதுசு வந்துடும்" என்று பேனாவைத் திறந்தார் இன்ஜினியர்.

"எழுதாதீங்க சார். அது நல்ல இரும்பு. நாந்தான் காச்சிக் கெடுத்தேன்."

இன்ஜினியர் எழுதாமலே ஃபைலை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவாடை அவர் பக்கம் திரும்பினான்.

"இரும்புக்குப் பரிஞ்சு பேசிட்டீங்க மாமா. எனக்குப் பேச யாரு இருக்கா?"

அய்யம்பெருமாள் உள்ளே போய், தான் தினம் வந்துபோகும் பட்டறை டெம்போவின் சாவியை எடுத்துவந்து மச்சான் சட்டைப் பையில் போட்டார். பிறகு வெயிலில் வீட்டுக்கு நடந்தார்.