அலமாரிக்குள் இருந்த அசல்

கம்பெனியில் அவருக்குக் கட்டைவிரல் என்றுதான் பேர். ஆஸ்துமாக்காரர்களுக்கு இன்ஹேலர் செய்கிற கம்பெனி. சந்தையில் சந்தேகத்தில் பிடிபடும் சரக்கில் போலியைப் பிரித்துச் சொல்வது அவர் வேலை. டப்பாவின் முத்திரையில் கட்டைவிரலை ஒருதரம் ஓட்டுவார். வழவழத்தால் அசல், சொரசொரத்தால் போலி, உடனே உலைக்குப் போய்விடும். சந்தேகம் வந்தால் இரும்பு அலமாரியைத் திறந்து, கம்பெனி ஒப்படைத்த மாதிரி டப்பாவைத் தடவிப் பார்ப்பார். அந்தச் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது. மனுஷனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை வேறு!

வீட்டில் மனைவிக்கும் ஆஸ்துமா. மருந்துக்கடையில் பத்து டப்பாவைத் தடவி, ஒன்றைப் பொறுக்கி வருவார். அவளுக்கும் தடவக் கற்றுக்கொடுத்திருந்தார். கொஞ்ச நாளாக அவள், "இப்பல்லாம் இந்த மருந்து கேக்கவே மாட்டேங்குதுங்க" என்று புலம்பினாள். "யாரு பாத்து எடுத்ததுன்னு தெரியுமில்ல?" என்று எரிந்து விழுந்தார். பாவி மனுஷன்!

தொழிற்சாலைச் சரக்கு நேராகக் கடைக்குப் போகும், அவர் கைக்கு வராது. அன்று கிடங்கு நிறைந்துவிட்டதால் லாரி அவர் அறை வாசலில் வந்து நின்றது. சும்மா இருக்காத விரல், ஒரு டப்பாவைத் தடவியது. சொரசொரவென்றிருந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

"அத்தனையும் போலி."

டிரைவர் சிரித்துவிட்டார். "என்னண்ணே, விளையாடுறீங்களா? மெஷின்லேருந்து இறங்கினதும் நானே நின்னு ஏத்தினது."

அலமாரியைத் திறந்தார். பூட்டில் கீறல் இல்லை. தட்டில் படிந்த தூசிகூடக் கலையவில்லை. மாதிரி டப்பா வைத்த இடத்தில் வைத்தபடியே, வழவழவென்று இருந்தது. முதல்முறையாக அதன் முத்திரையைக் கிழித்து, மருந்தை நாக்கில் அடித்துப் பார்த்தார். வெறும் காற்று. லாரியில் வந்ததை அடித்தார். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டது.

எந்தக் கை மாற்றி வைத்தது? எப்போது? அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதேவா? முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கவே பயம். இத்தனை காலம் எரித்ததெல்லாம் அசல். பொறுக்கிப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனது?

லாரியிலிருந்து பிரிக்காத டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார்.

மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அவள் கையிலிருந்த இன்ஹேலரைப் பிடுங்கி எறிந்து, புதியதை நீட்டினார். அந்த நிலையிலும் அவள் கட்டைவிரல் முத்திரையைத் தடவியது.

"இது... போலிங்க."

"இல்லம்மா, இதுதான் அசல்! நான்தான் தப்பு பண்ணிட்டேன், சத்தியமா!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"எங்க வீட்டுக்காரரு... இதை வாங்கவே... மாட்டாரு," என்றாள்.

முத்திரையைக் கிழித்து அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.