மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு

கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் மகளுக்காகச் சோறும் கோழிக் குழம்பும் தட்டில் எடுக்கிறேன். போன மாதம் புருஷனிடம் அடிவாங்கி வீடு திரும்பியவள். கொஞ்சம் தேறட்டும் என்று கூட்டி வந்தேன். சென்னையில் ஏறியதிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை.

தட்டை அறைக்குக் கொண்டுபோகலாமா என்று பரிமாறுகிறவரிடம் கேட்கிறேன்.

"எந்த ஊரு அக்கா நீங்க?"

"பாகூர்."

"நம்ப பக்கந்தான். நான் கிருமாம்பாக்கம். தாராளமா எடுத்துனு போங்க. யாருக்கு?"

"பொண்ணுக்கு."

"மாப்ள வர்லியா?"

ஊர்க்காரரிடம் உண்மை சொல்ல வாய் வரவில்லை. "வந்திருக்காரு," என்கிறேன்.

"இன்னாக்கா நீங்க? மாப்ளய வுட்டுட்டு பொண்ணுக்கு மட்டும் எடுத்துனு போனா நம்மூர்ல சிரிப்பாங்க."

இன்னொரு தட்டை அவரே நிறைக்கிறார். ஊர் வழக்கப்படி கோழிக்கால்கள் இரண்டையும் அதில் வைக்கிறார்.

அறை வாசலில் இரண்டு தட்டுகளோடு நிற்கிறேன். பார்த்தால் யாருக்கென்று கேட்பாள். அவனுக்கென்று வைத்ததை அவள் தட்டில் போடவும் மனம் வரவில்லை. நடைபாதையிலேயே குந்தி, என் மகளை அடித்தவனின் பங்கைத் தின்று முடித்த பிறகுதான் கதவைத் தட்டுகிறேன்.