டீசல் காரின் ஐந்து வருடமும் நான்கு மாதமும்

பெற்றோல் கார் நீலம். டீசல் கார் வெள்ளை. இரண்டும் ஒரே கராஜில், ஒரே வேப்பமரத்தின் கீழே நின்றன. இரண்டின் சொந்தக்காரரும் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் கொழும்புக்கு, மற்றவர் கனடாவுக்கு. அந்த வருடங்களில் திருகோணமலையில் நல்ல கார் வாங்க விரும்புகிறவர், யாராவது ஊரைவிட்டுப் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். நீண்ட காலம் பொறுக்க வேண்டியிருக்காது.

நீலக் காரைவிட வெள்ளைக் கார் எண்பதாயிரம் ரூபாய் அதிகம். அந்த எண்பதாயிரத்தைப் பற்றி நான் இரண்டு மாதம் யோசித்தேன். எந்த விஷயத்தைப் பற்றியும் அதற்கு முன் நான் அவ்வளவு தொடர்ச்சியாக யோசித்ததில்லை, கல்யாணம் உட்பட.

எனக்குக் கார் தேவைப்படவில்லை. ஓர்ஸ் ஹில்லில் வீடு. துறைமுகத்தை ஒட்டி ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. சைக்கிளில் போக ஏழு நிமிடம், அதிலும் பாதி இறக்கம். கார் தேவைப்பட்டது மனைவிக்கு. அவள் கணித ஆசிரியை. நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய பத்து மைல், நிலாவெளியையும் தாண்டி, இறக்கக்கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் நகரத்துக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் போடுவாள். ஒவ்வொரு வருடமும் கல்விக் கந்தோரிலிருந்து ஒரே பதில் வரும்: அவளுக்குப் பதிலாக ஒருவர் வந்தால் விடலாம். அவளுக்குப் பதிலாக அந்த வீதியால் போக ஒருவரும் விரும்பவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் விரும்பியிருக்க மாட்டேன்.

மத்தியானத்தில் ஆசிரியைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாடகை வானில் திரும்பி வந்துவிடுவார்கள். காலைதான் பிரச்சினை. வீதியை இராணுவம் இரவில் மூடிவிடும். காலையில் சிப்பாய்கள் இரு கரையிலும் நடந்து, கண்ணிவெடி இல்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் திறக்கும். அதன் பிறகு பஸ் வரும், அல்லது வராது. வந்தால், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். போகும் வழியில் இப்படி ஆறு இடம்.

ஒருநாள் காலை சாம்பல்தீவுப் பாலத்தடியில் வெடிச்சத்தம் என்று கந்தோரில் சொன்னார்கள். அவள் போன பஸ் எங்கே நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் கந்தோரைவிட்டு வந்து பஸ் நிலையத்தில் நின்றேன். பின்னேரம் நாலு மணிவரை நின்றேன். அன்று எனக்கு வந்த பயத்தைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். நாலு மணிக்கு அவள் குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"இதில ஏன் நிக்கிறீங்கள்? இண்டைக்குக் கந்தோர் இல்லையே?" என்றாள்.

"கார் ஒண்டு வாங்குவம்," என்றேன்.

தகப்பன் எனக்கு விட்டுப்போன காணித்துண்டு ஒன்றை விற்றோம். அந்தக் காசு டீசல் காருக்கு மட்டுமட்டாக இருந்தது. பெற்றோல் கார் என்றால் எண்பதாயிரம் மிஞ்சும். பயந்து எடுத்த முடிவு அந்த இடத்தில் கணக்காக மாறியது. எனக்குக் கணக்கென்றால் பயம் போய்விடும். அது நல்ல குணம் என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

கராஜ் வைத்திருந்தவர் என்னைவிட இளையவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பூசைக்குப் போய்விட்டுத்தான் கராஜைத் திறப்பார். எதைக் கேட்டாலும் இரண்டு பக்கத்தையும் சொல்லுவார். அதனால் அவரிடம் ஆலோசனை கேட்டவர்கள் கேட்பதற்கு முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் திரும்புவார்கள்.

"அண்ணை, எஞ்சின் எண்டால் டீசல்தான். எண்ணெய்ச் செலவு கால்வாசி," என்றார். பிறகு, "ஆனா டீசல் நிப்பாட்டாமல் ஓட வேணும். நிப்பாட்டி நிப்பாட்டி ஓடினா பற்றறி தாங்க ஏலாது. உங்கட ரோட்டில ஆறு இடத்தில நிப்பாட்ட வேணுமே," என்றார்.

"அப்ப பெற்றோலை எடுக்கட்டோ?"

"பெற்றோல் குடிக்கும், அண்ணை."

வெள்ளைக் காரை ஓட்டிப் பார்க்க அலஸ்தோட்டம் வரை போனோம். டீசல் எஞ்சினை முதலில் சூடாக்க வேண்டும். சாவியை அரைவாசி திருப்பி, இருபது எண்ணி, பிறகு முழுதாகத் திருப்ப வேண்டும். சோதனைச் சாவடியில் முறைப்படி எஞ்சினை நிறுத்தினேன். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், டிக்கியைத் திறந்து பார்த்தான், "யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொன்னான். நான் சாவியை அரைவாசி திருப்பி எண்ணத் தொடங்கினேன். ஒன்பதில் அவன் மறுபடி "யன்ன" என்றான். பதினான்கில் அவனுடைய சத்தம் மாறியது. அவன் கையிலிருந்த துவக்கும் கொஞ்சம் நிமிர்ந்தது. போ என்ற பிறகும் போகாமல், முன்னால் பார்த்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிற ஒரு தமிழனை அவனுக்கும் பிடித்திருக்காது.

"எண்ணி முடியுங்கோ, அண்ணை," என்றார் கராஜ்காரர் மெதுவாக. "பாதியில விட்டா திரும்ப முதலில இருந்து எண்ண வேணும்."

எண்ணி முடித்தேன். எஞ்சின் பிடித்தது. நாங்கள் திரும்பி வந்தோம்.

அதற்குப் பிறகும் டீசல் காரைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. காரணம் இருந்தால்தான் எதையும் சொல்லலாம் என்று நினைக்கிறவன் நான். காரணத்தைத் தேடி ஒரு புதுக் கொப்பி வாங்கினேன்.

கொப்பியில் வரி வரியாக எழுதினேன். நான் அவளைக் கொண்டுபோய் விட்டுத் திரும்புவது இருபது மைல். அதற்குப் பெற்றோல் இவ்வளவு, டீசல் இவ்வளவு. டீசல் என்றால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் மிச்சம். வருடத்தில் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களை எடுத்து, அதில் கடையடைப்பு நாட்களைக் கழித்தேன். இராணுவம் தேடுதல் நடத்தும் நாட்களைக் கழித்தேன். வீதி திறக்காத நாட்களையும், மாரிமழையில் வெள்ளம் மூடும் நாட்களையும் கழித்தேன். நூற்றைம்பது வந்தது. வருடத்துக்குப் பதினையாயிரம் ரூபாய் மிச்சம். எண்பதாயிரத்தைப் பதினையாயிரத்தால் பிரித்தேன். ஐந்து வருடமும் நான்கு மாதமும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபம். விடையின் கீழே இரண்டு கோடு போட்டேன். மூன்று தரம் சரிபார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் கராஜ்காரரிடம் விடையைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு வழக்கம்போல மற்றப் பக்கத்துக்குப் போனார்.

"அக்காவுக்கு இடையில மாற்றம் வந்திட்டால்? ரவுனுக்குள்ள ஓட டீசல் சரிவராது. காசெல்லாம் வீண்."

"வராது, தம்பி," என்றேன். "அதுக்கு நீர் பயப்பிடத் தேவையில்லை."

இதை நான் சொன்னது மகிழ்ச்சியோடு. அந்தக் குரல் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாங்குகிற பொருள் நல்ல பொருள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவனுடைய குரல். அவர் சரி என்றார், வெள்ளிக்கிழமை காசோடு வரச் சொன்னார்.

வியாழன் பின்னேரம் கந்தோரால் வந்தபோது குசினி மேசையில் என் மனைவி வகுப்புக் கொப்பிகளைத் திருத்தி அடுக்கி வைத்திருந்தாள். என் கொப்பியும் அவற்றோடு கிடந்தது. பழக்கதோஷத்தில் எடுத்தாளா, வேண்டுமென்று எடுத்தாளா என்பதை நான் கேட்டதில்லை. அதையும் சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தாள். இருபது மைலுக்குச் சரி. நூறு ரூபாய்க்குச் சரி. கடையடைப்புக்குச் சரி, தேடுதலுக்குச் சரி, வெள்ளத்துக்குச் சரி. பிரித்த இடத்துக்கும் சரி. ஐந்து வருடமும் நான்கு மாதமும் என்ற விடைக்கு மட்டும் பெரிய பிழை.

மறுபடி பிரித்துப் பார்த்தேன். அதே விடைதான் வந்தது.

"இஞ்ச பாரும், விடை சரியாத்தானே வருது?"

அவள் அடுப்படியில் நின்றாள். "பிரிச்சது சரி," என்றாள்.

"அப்ப ஏன் பிழை போட்டனீர்?"

"அஞ்சு வருஷமும் நாலு மாசமும் நான் அந்த ரோட்டால போவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அது சும்மா கணக்குக்கு."

"ஓம்," என்றாள். "கணக்குக்குத்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தேத்தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அவள் அடுத்த கொப்பியை எடுத்தாள். நான் கதிரையில் இருந்து என் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். மழைவெள்ளத்தைக்கூட மறக்காமல் கழித்திருந்தேன். சண்டை நின்றுவிடலாம் என்பதை எங்கும் கழிக்கவில்லை. அவளுக்கு இடமாற்றம் கிடைத்துவிடலாம் என்பதையும் கழிக்கவில்லை. இரண்டில் எது நடந்தாலும் எங்களுக்கு நட்டம் என்று என் கையெழுத்தே சொன்னது. அவளைக் காப்பாற்ற வாங்கும் கார் லாபத்தில் ஓட, அவள் ஐந்து வருடம் ஆபத்தில் போய்வர வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தேத்தண்ணீர் ஆறிப்போனது.

வெள்ளிக்கிழமை நீலக் காரை வாங்கினேன்.

"கணக்குப் பாத்தனீங்கள்தானே, அண்ணை?" என்றார் கராஜ்காரர்.

"பாத்தனான். பிழையாம்."

வெள்ளைக் காரை அடுத்த மாதம் ஒரு நெல்லு வியாபாரி வாங்கினார். அது நன்றாக ஓடியது. எனக்கு அதைக் காணும்போதெல்லாம் எரிச்சலாக இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நீலக் கார் பெற்றோல் குடித்தது. மிஞ்சிய எண்பதாயிரத்தில் ஒரு பகுதி கூரைக்குப் போனது, மற்றப் பகுதி பெற்றோலாகவே போனது. ஒவ்வொரு காலையும் வீதி திறந்ததும் புறப்படுவோம். ஆறு இடத்தில் நிறுத்தி ஆறு இடத்தில் எண்ணாமல் கிளப்புவேன். பள்ளிக்கூட வாசலில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவரும் பத்து மைலும் வானொலியைப் போட மாட்டேன். மத்தியானம் வான் வந்துவிட்டது என்று யாராவது சொல்லும்வரை கந்தோரில் என் கையெழுத்துக் கோணலாக இருக்கும். வருடா வருடம் விண்ணப்பம் போனது. வருடா வருடம் பதில் வந்தது. பதிலை நான் கேற்றடியில் உடைத்து வாசித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன், என் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ள.

ஐந்து வருடமும் நான்கு மாதமும் முடிந்த நாள் எனக்குத் தெரியும். அது ஒரு புதன்கிழமை. வழக்கம்போல வீதி பிந்தித் திறந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கு ஞாபகமில்லை என்று நினைத்தேன்.

இடமாற்றம் ஏழு வருடமும் ஒரு பள்ளித் தவணையும் கழித்து வந்தது. கடைசி நாள் நான் லீவு போட்டுவிட்டு மத்தியானமும் காரை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சுவர் மணிக்கூடு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி, பெட்டியைத் திறந்து, மணிக்கூட்டைக் காட்டி, மறுபடி சுற்றிக் கட்டினாள். அலஸ்தோட்டத்தில் கடைசியாக ஏறி இருந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். கார் உடனே பிடித்தது.

"அந்தக் கணக்கை நான் பிழையாத் திருத்திப்போட்டன்," என்றாள்.

"எந்தக் கணக்கு?"

"டீசல் கணக்கு. ரெண்டு வருஷம் லாபத்தில ஓடியிருக்கும்." அவள் சிரித்தாள். "உங்கட விடைதான் சரி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாழ்க்கையில் ஒரு விடை பிழையாகிவிட வேண்டும் என்று நான் கும்பிட்டது அந்த ஒன்றுக்குத்தான்; ஐந்து வருடமும் நான்கு மாதமும், ஒவ்வொரு காலையும், அவள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போகும்வரை. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"இல்லை, நீர் போட்டதுதான் சரி," என்றேன்.

அவள் கணித ஆசிரியை. அதை ஏற்றுக்கொள்ளவில்லை.