அணில் கடித்த ஒயர்

"ஒலி மரபுக் காவலர்: இசைமேதையின் வழித்தோன்றல். தொட்டில் பருவம் முதல் இசையில் ஊறியவர். ஊரின் ஒவ்வொரு தெருவிலும் மேதையின் நாதம் இடைவிடாது ஒலிக்கக் காரணமானவர்." நகராட்சிக் கையேட்டின் நான்காம் பக்கத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. மேலே உள்ள புகைப்படத்தில் காவலர் வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஊர் அவரை ஃபியூஸ் என்று கூப்பிடுகிறது. மிக்ஸி, மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். தெருவுக்கொரு கம்பம், கம்பத்துக்கொரு ஒலிபெருக்கி என்று நகராட்சி நட்டபோது, ஏணியில் ஏறத் துணிந்த ஒரே ஆள் என்பதால் வேலை கிடைத்தது. இசையில் ஊறினார் என்பது பொய்யில்லை. அழுக்குத் துணியும்தான் ஊறுகிறது. அதைக் கேட்டா ஊற வைக்கிறார்கள்? வழித்தோன்றல் என்பதற்கு ஆதாரம், அவருடைய தாத்தா மேதையின் பக்கத்து வீட்டுக்காரர். பிடில் சத்தம் தாங்காமல் இரண்டு முறை போலீசில் புகார் கொடுத்தவர்.

நானும் மச்சானும் காரில் போகிற வழியில் அங்கே தங்கினோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். பாரம்பரியம் என்ற சொல்லைக் கண்டால் பிரேக் போடுகிறவர். ஊரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சலூன் கண்ணாடியில் பிடில், சாக்கடை மூடியில் பிடில், கழிப்பறைக் கதவிலும் பிடில். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மதியம் மச்சான் லாட்ஜில் கொஞ்சம் கண்ணசரப் பார்த்தார். ஜன்னலுக்கு எதிரே ஒலிபெருக்கி. பத்தே நிமிடம், தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, "மாப்ள, கீழ போய் அந்தச் சனியனை நிறுத்தச் சொல்லு" என்றார். கீழே இருந்தவர் கையை விரித்தார். "நகராட்சி இசை சார். கரண்ட் போனாத்தான் நிக்கும்."

மறுநாள் காலை மேதை பிறந்த தெருவுக்குப் போனோம். அங்கே மட்டும் ஒலிபெருக்கி வாயை மூடிக்கொண்டிருந்தது. மச்சானுக்கு ரத்தம் கொதித்தது. நேரே ஃபியூஸின் அறைக்கு நடந்தார். சுவரெல்லாம் ஒயர்ச் சுருள், மேஜையில் ஆம்ப்ளிஃபயர், காதில் பஞ்சோடு அவர்.

"அந்தத் தெருவுல ஏன் பாடலை?"

"அணில் கடிச்சிடுச்சு சார்."

"எப்போ?"

"ஆச்சு, பதினோரு வருஷம்."

"அந்தத் தெருவுல ஒரு மரம்கூடக் கிடையாதேய்யா!"

"அந்தக் கோபந்தான் சார் அதுக்கு."

மச்சான் புகார்ப் புத்தகத்தை இழுத்து இரண்டு பக்கம் எழுதினார். இப்போதே சரிசெய்யாவிட்டால் நகராட்சித் தலைவரின் வீட்டுக்கே கொண்டுபோவதாகச் சொன்னார். ஃபியூஸ் பெருமூச்சு விட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டார்.

கம்பத்துக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். ஏணி சாத்திய சத்தத்தில் அது திறந்தது. கலைந்த தலை, கழுத்தில் கழற்ற மறந்த ஆஸ்பத்திரி அட்டை.

"என்னண்ணே, மறுபடியுமா?"

"ஒண்ணுமில்லம்மா, நீ சாத்திட்டுப் படு."

அந்தப் பெண் படுக்கவில்லை, மச்சானைப் பார்த்தாள். "சார், நான் நர்ஸ். நைட் டூட்டி முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வந்தேன். இந்தக் குழாய் வெச்ச முதல் வாரம் ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. பிரசவ வார்டுல மருந்து பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன். கூட இருந்தவ கையைத் தட்டிவிட்டதால ஒரு புள்ள உசுரோட இருக்கு."

மச்சான் தொண்டையைச் செருமினார். "பாரம்பரியம்னா நாலு பேர் விட்டுக்கொடுக்கத்தாம்மா வேணும்."

நேற்றுத் தலையணைக்கடியிலிருந்து பேசிய அதே வாய்.

ஃபியூஸ் ஏறி ஒயரை முறுக்கினார். பிடில் அலறியது. ஜன்னல் சாத்திக்கொண்டது. மச்சான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, என்னை போட்டோ எடுக்கச் சொன்னார். தாளத்துக்கும் அந்தத் தலைக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு புகாரின் கீழே ஃபியூஸ் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுத, மச்சான் வெற்றியோடு கையெழுத்துப் போட்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் கூலிங் கிளாஸை ஃபியூஸின் மேஜையிலேயே விட்டுவந்தது அவருக்கு நினைவு வந்தது. திரும்பினோம். வழியில் அதே தெரு. சத்தமில்லை. மச்சான் செல்போனில் தன் போட்டோக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்பதே அவருக்குக் கேட்கவில்லை. ஃபியூஸ் கையில் கட்டிங் பிளேயரோடு ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"அணிலா?" என்றேன், மெதுவாக.

"ஆமா சார். இந்த ஊர் அணிலுக்கு இசைன்னாலே ஆகாது."

ஒலி மரபுக் காவலர் செய்தது இவ்வளவுதான்: இரவெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டு வரும் ஒரு பெண் பகலில் தூங்குவதற்காக, பதினோரு வருஷமாக, யார் ஒட்டச் சொன்னாலும் ஒட்டிவிட்டு, அவர்கள் போனதும் அந்த ஒயரை வெட்டினார்.