ஆஸ்பத்திரிக்குப் போகும் தொப்பி

சட்டைக் காலரில் தண்ணீரைத் தெளித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறார் ஒடெஸாக்கா. சட்டைக்குச் சொந்தக்காரரான பக்கத்து வீட்டு கிளியோஃபஸ், பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிரஷர் பார்க்கக் கிளம்பியவரை வாசலிலேயே மறித்து, கசங்கிய சட்டையைக் கழற்ற வைத்துவிட்டார் அக்கா.

“ஏன்க்கா, நான் டாக்டரைப் பார்க்கப் போறேனா, கல்யாணத்துக்குப் போறேனா?”

“கல்யாணத்துக்குக் கந்தலோட போ, ஒண்ணும் கெட்டுப்போகாது. அங்க உன்னை நாலு பேருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில உன் சட்டையைத்தான் தெரியும்.”

அலபாமாவின் இந்தச் சிற்றூரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பர் வீடுகள். ஆஸ்பத்திரி வெள்ளைக்காரர்கள் இருக்கும் அந்தப் பக்கம். எங்கள் ஆண்களில் பலர் தலை நரைக்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார்கள். தேவாலயத்தில் விசிறிக்கொள்ளத் தரும் அட்டை விசிறியிலும் சவ அடக்கக்காரரின் விளம்பரம்தான். “நம்மளைக் குளிர வைக்கறதே அவன்தான்” என்பார் அக்கா.

அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பன்றி எலும்பு போட்டு வேகவைக்கும் கீரையில் உப்பைப் பாதியாக்கிவிட்டதாகச் சொல்வார், சாப்பிட்டவர்கள் நம்புவதில்லை. பேருந்தில் பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் உயராது. கண்ணாடியைப் பார்த்து மெதுவாக “உட்காருங்க” என்பார். வண்டியே அடங்கிவிடும்.

கணவர் ரோஸ்கோ மீன் ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறதென்று, செதில் ஒட்டிய வேலை உடுப்போடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். “என்ன சாப்பிட்டே?” என்று கேட்டார்கள். வாயு என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதே வலியோடு கோட்டு போட்டு வந்த வெள்ளைக்காரருக்கு, பக்கத்துக் கட்டிலிலேயே நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இதயத்தைச் சோதித்தார்கள். ரோஸ்கோ மறுநாளைப் பார்க்கவில்லை. தோலை மாற்ற முடியாது, உடுப்பையாவது மாற்றலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தவர் ஒடெஸாக்கா.

போன ஏப்ரலில் அவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது தாடையில் வலி எடுத்தது. இடது கைக்கு இறங்கியது. உடம்பெல்லாம் வேர்த்தது. அண்ணன் மகள் லவோண்டா காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது, அத்தை கட்டிலில் உட்கார்ந்து காலுறையை மாட்டப் போராடிக்கொண்டிருந்தார்.

“அத்தை, உசுரு போகுது, உனக்குக் காலுறை கேக்குதா?”

“உங்க மாமா எப்படிப் போனாருன்னு மறந்துட்டியா?”

“அவரு உடுப்பால போனாரு. நீ உடுத்தியே போகப் போறியா?”

காலுறை பாதியில் நின்றது. எண்ணெய்க் கறை படிந்த வீட்டு கவுனோடு எழுந்த அக்கா, கதவுக்குப் பின்னால் தொங்கிய ஊதா நிறத் தொப்பியை, தேவாலயத்துக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை, மட்டும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கவுனைப் பார்த்தாள். “காரமா ஏதாவது சாப்பிட்டீங்களா?”

லவோண்டா கத்த வாயெடுத்தாள். அக்கா அவள் கையை அமுக்கிவிட்டு, தொப்பியை நேராக்கினார். பேருந்துக் குரலில் சொன்னார்:

“என் புருஷனையும் இதைத்தான் கேட்டாங்க. பதில் சொல்லிட்டுப் போய்ச் செத்தாரு. நீ முதல்ல நெஞ்சுல கம்பியை ஒட்டும்மா.”

நர்ஸ் ஒட்டினாள். இயந்திரத்திலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சக்கரக் கட்டில் வந்தது. கவுனைக் கழற்றினார்கள், செருப்பைக் கழற்றினார்கள், பாதிக் காலுறையையும் உருவினார்கள். அழுதுகொண்டே லவோண்டா தொப்பிக்குக் கை நீட்டினாள்.

கம்பிகளுக்கு நடுவே கண்ணை மூடிக் கிடந்த ஒடெஸாக்கா, வலிக்காத கையைத் தூக்கித் தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். “டாக்டர் வந்து இதையாவது பார்க்கட்டும்.”