உளவாளியை நான்தான் கொண்டுவந்தேன்

சுனாமி நிவாரண வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் திரும்பிப் போகும்போது ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு பை பகடைகளையும் என்னிடம் விட்டுப் போனார். கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாகிப் பகடை உருட்ட வேண்டும். குருக்கள்மடத்தில் ஒரு தையல் கடையின் பின்னறையில், ஞாயிறு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, தையல்காரர், வாவியில் வலை போடும் என் மச்சான், தபால்காரர் மூவரும் விளையாடுவார்கள். கதை சொல்வது நான்.

போர் முடிந்த வருடம் ஆட்டம் செத்துப்போனது. கதைக்குள் கடலரசனோடு மல்லுக்கட்டிய மனிதர்கள் கொட்டாவி விட்டார்கள். வாசலில் சைக்கிள் நின்றால், காட்டிக்கொடுக்கிறவனோ என்று பகடையை ஒளித்தார்கள். எனக்கோ அந்த மூவரை விட்டால் ஆளில்லை. ஆட்டம் போனால் அவர்களும் போய்விடுவார்கள் என்று பயந்தேன்.

அதனால் ஆளுக்கொரு கடதாசித் துண்டு எழுதிக் கொடுத்தேன். "உங்களில் ஒருவர் எதிரியின் உளவாளி. மற்றவங்க கண்டுபிடிங்க" என்றேன். உண்மையில் மூன்று துண்டிலும் "நீ உளவாளி இல்லை" என்றே எழுதியிருந்தேன். ஊர் இருந்த இருப்பில் அது வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. புத்தியிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

முதல் ஞாயிறு என்ன உற்சாகம்! ஒரு கொட்டாவி இல்லை. அடுத்த ஞாயிறு மச்சான் பகடையை உருட்டாமல் தபால்காரரைப் பார்த்தான்.

"அண்ணன், போன கிழமை ஆமி முகாமடியில நிண்டீங்க. என்னத்துக்கு?"

"தபால் குடுக்கத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. தபால்காரர் எழும்பிப் போனார். பிறகு வரவே இல்லை. உளவாளியே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும், மடியில் கனமில்லாதவன் ஏன் எழும்பிப் போகவேண்டும் என்றுதான் யோசித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று, வாவிக்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மச்சானிடம் துண்டு விசயத்தைச் சொன்னேன். அவன் வலையைக் கீழே போட்டான்.

"வாவியில தோணி விட பாஸ் வேணுமெண்டா கிழமைக்கொருக்கா முகாமுக்கு வரச் சொன்னானுகள். ஞாயிறுல என்ன கதைக்கிறீங்க எண்டு கேட்டானுகள். நம்மட விளையாட்டத்தான் சொன்னன், வேற ஒண்டும் சொல்லல்ல. அங்கதான் அவரக் கண்டன்."

"அங்க அவர் என்ன செய்தவர்?"

"தபால்தான் குடுத்தவர்" என்றான்.