நிற்காத மோட்டார்

கார்த்திகை அடைமழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சந்தானத்திடமிருந்து போன் வந்தது.

“மணி, கொல்லையில முழங்கால் தண்ணி நிக்குது. சின்ன மோட்டாரைப் போட்டு வாய்க்காலுக்கு இறைக்கிறேன். ஓடுது. ஆனா கிட்டப் போனா காலு விறுவிறுங்குது. வந்து பாக்குறியா?”

தண்ணீரில் கரண்ட் கசிகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணே, தண்ணியில எறங்காதீங்க. மோட்டாரை மொதல்ல நிறுத்துங்க.”

“சுவிட்சு மாட்டுக்கொட்டகைத் தூண்லல்ல இருக்கு? தண்ணியைத் தாண்டித்தான் போகணும்.”

“அப்ப வாசல்ல மெயினை அணைச்சிட்டு உக்காருங்க. நான் வந்துடுறேன்.”

“சரி சரி, நீ வா” என்று வைத்துவிட்டார். அந்த ‘சரி சரி’யில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஈரக் கையோடு வண்டியை எடுத்தேன்.

நான் குடவாசல் பக்கத்தில் மோட்டார் மெக்கானிக். கருகிய காயிலை மாற்றிச் சுற்றும் ரீவைண்டிங் செய்வேன், பம்ப் மாட்டுவேன், கழற்றுவேன். போர்வெல்லுக்கு இறக்கும் பெரிய மோட்டார்களிடம் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. வீட்டில் வைத்திருக்கும் அரை எச்.பி. மோட்டாரிடம் அந்தப் பயம் கிடையாது. தொட்டி நிரப்ப, தென்னைக்கும் கத்திரிக்கும் பாய்ச்ச, மழை வந்தால் கொல்லைத் தண்ணீரை வெளியேற்ற என்று அதைக் குடம் மாதிரி கையில் தூக்கிக்கொண்டு திரிவார்கள். ஒயர் எட்டவில்லை என்றால் இன்னொரு துண்டை முறுக்கிச் சேர்த்து மேலே டேப் சுற்றுவார்கள். அந்த ஜாயிண்ட் காய்ந்த தரையில் கிடக்கும்வரை ஒன்றும் ஆகாது.

சந்தானத்தின் வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறேன், எப்போதும் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குத்தான். என் அப்பா அந்த வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர். என்னை யாரும் வாசல் வழியாக வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அதனால் அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக ஆகப்போகிறது என்றும் தெரியாது.

கொல்லைப் படலைத் திறக்கும்போதே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மெயினை அணைக்கவில்லை.

கொல்லை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். நடுவில் செங்கல் அடுக்கி அதன்மேல் மோட்டார். அதன் ஒயர், டேப் சுற்றிய ஜாயிண்டோடு தண்ணீருக்குள் கிடந்தது. உறிஞ்சும் ஹோஸில் வைக்கோல் அடைத்திருக்க வேண்டும். வாய்க்கால் பக்கம் தண்ணீர் நூலாக விழுந்தது. சந்தானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரை நோக்கித் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தார்.

“அண்ணே! தொடாதீங்க!”

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “ஒரு நிமிஷம், வைக்கோலை மட்டும் எடுத்துடுறேன்” என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

அவர் கத்தவில்லை. இதுதான் இன்றைக்கும் எனக்குப் பயம் தருகிறது. உடம்பு ஒருமுறை வில்லாக விறைத்து, பின்னால் தூக்கி எறியப்பட்டது. வைக்கோல் போரின் அடியில் சாய்ந்து விழுந்தார். முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது. கண் திறந்திருந்தது. கைவிரல்கள் தண்ணீருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன.

மெயின் அணைந்த பிறகு

என் சத்தம் கேட்டு அவர் மனைவி மல்லிகா பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சுவரை ஒட்டி உயரமாக ஒரு சிமெண்ட் ஓரம் உண்டு. அதன்மேல் ஓடிப்போய் படிக்கட்டில் அவரை மறித்தேன்.

“எறங்காதீங்க! தண்ணியில கரண்ட் இருக்கு!”

“ஐயோ, அவரு... அவரு...”

“வாசலுக்கு ஓடுங்க. மெயினை அணைங்க. ஓடுங்க!”

ஒரு வேலை சொன்னதும் கால் அந்தப் பக்கம் திரும்பியது. உள்ளே ஓடினார். நான் சந்தானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்தடி தூரம்கூட இல்லை. கண்ணெதிரில் ஒரு மனிதரின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, என்னால் கால் வைக்க முடியவில்லை.

சமையலறையில் எரிந்த விளக்கு கண் சிமிட்டியது. மோட்டார் முனகி இறங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அடுத்த நொடி மோட்டார் மறுபடி வேகம் பிடித்து ஓட ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது நாற்பது வகை மோட்டார் பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் மூளை அப்படியே நின்றுவிட்டது. அதற்குள் மல்லிகா, “அணைச்சுட்டேன்! அணைச்சுட்டேன்!” என்று கத்திக்கொண்டே வந்து, என்னைத் தாண்டித் தண்ணீரில் குதிக்கப் போனார்.

அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

“விடுங்க! அதான் அணைச்சுட்டேன்ல? விடுங்க மணி!”

“மோட்டார் ஓடுதும்மா! கேளுங்க, ஓடுது!”

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. என் கையைக் கடித்தார். இன்னொரு கையால் முகத்தில் அறைந்தார். ஒரு கால் படியிலிருந்து இறங்கித் தண்ணீரைத் தொட ஒரு சாண்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ, “ஏய், யாருய்யா அது? அந்தம்மா கைய விடு!” என்று கத்தினார்கள். அந்த ஊரில் அந்த வீட்டுப் பெண்ணின் கையை நான் பிடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் விடவில்லை.

சமையலறை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா?”

மல்லிகா திமிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கூடத்துல... புள்ள போன வருஷம் வந்தப்ப மாட்டினான். புயல்ல மாட்டுக்கொட்டகையில வெளிச்சம் இருக்கட்டும்னு அதுக்கும் சேத்து...”

கொட்டகை லைன் இன்வெர்ட்டரில் இருந்தது. மோட்டார் பிளக்கும் அதே லைன். மெயின் போனதும் பேட்டரியிலிருந்து அது ஓடத் தொடங்கிவிட்டது.

கூடம்

அவரை அங்கே தனியாக விட முடியாது. கையைப் பிடித்தபடியே இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். “காட்டுங்க, எங்க?” நடை, சாமி படங்கள், ஊஞ்சல் எல்லாவற்றையும் தாண்டிக் கூடத்து மூலையில் இருந்தது. பட்டனை அழுத்தி அணைத்தேன். பச்சை விளக்கு செத்தது. காற்றாடி மெல்ல நின்றது. கொல்லையில் மோட்டார் சத்தம் அடங்கியது.

திரும்பி வந்ததும் மல்லிகாவைப் படியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் முதலில் இறங்கினேன். ஒருமுறை ஏமாந்தாயிற்று. இன்னும் எங்கேயாவது ஒரு ஒயர் ஒளிந்திருந்தால்? அந்த முதல் அடியை வைக்கும்போது என் பிள்ளைகள் முகம் கண்ணுக்குள் வந்தது. தண்ணீர் சில்லென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இருவருமாக அவரை இழுத்து வந்து சிமெண்ட் ஓரத்தில் கிடத்தினோம். மூச்சு இல்லை. லைன்மேன் நண்பர் ஒருவர் எனக்கு ஒருமுறை செய்து காட்டியிருந்தார்; அந்த ஞாபகத்தில் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கத்திக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பார்த்ததும் பேசாமல் காரை எடுக்க ஓடினார். மல்லிகா சந்தானத்தின் காதருகே, “ஏங்க, ஏங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கை சோர்ந்துபோன நேரத்தில் சந்தானம் ஒருமுறை இருமினார். அப்படி ஒரு சத்தத்தை என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

பிழைத்துக்கொண்டார். வலது கையில் இரண்டு விரல் மட்டும் இன்றும் மடங்காது.

தை மாதம் அந்த வீட்டு ஒயரிங்கை மாற்றிக்கொடுத்தேன். கொட்டகைக்கு இன்வெர்ட்டர் லைனைத் துண்டித்து, மோட்டாருக்குத் தனி எர்த் போட்டு, கரண்ட் கசிந்தால் தானே அணையும் டிரிப்பரும் மாட்டினேன். ஜாயிண்ட் இல்லாத ஒரே கேபிள். கூடத்தில் நின்று வேலை செய்தபோது மல்லிகா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“மணிண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கையைப் பிடிச்சது சரிதான்னு இப்பத் தெரியுது. ஆனா அப்ப என் கையில அருவா இருந்திருந்தா உங்களை வெட்டியிருப்பேன்.”

“தெரியும்மா” என்றேன். தான் கடித்த தழும்பை என் கையில் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். மெயினை அணைத்துவிட்டோம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வீட்டில் வேறு எங்கிருந்து கரண்ட் வரலாம் என்று கேளுங்கள், பிளக்கைக் கழற்றும்வரை தண்ணீரிடமும் மோட்டாரிடமும் பயத்தை விடாதீர்கள். இரண்டாவதுதான் கஷ்டம். விழுந்தவரைத் தூக்க ஒருவர் ஓடுவார் பாருங்கள், முதலில் அவரைப் பிடியுங்கள். திட்டுவார், அடிப்பார், கடிப்பார். ஊரே உங்களைத் தப்பாக நினைக்கும். மோட்டார் நிற்கும்வரை பிடித்த கையை விடாதீர்கள்.